காப்பீட்டு அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம், தங்கச்சி

வெளிநாட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, பத்து வாரக் கர்ப்பம், காப்பீட்டு அட்டை கைக்கு வந்தபிறகு டாக்டரைப் பார்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே தொட்டிலும் தள்ளுவண்டியும் எது நல்லது, அம்மாவை எந்த மாதம் அழைக்கலாம் என்றும். தொட்டில், வண்டியெல்லாம் பிள்ளை வளர்ந்துவிட்ட வீடுகளில் சும்மா கிடக்கும். கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். விசா விதிகள் அடிக்கடி மாறும், அதைத் தூதரகத்திடமே கேளுங்கள். முதல் கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

காத்திருக்கவே வேண்டாம். அட்டை வரும்போது வரட்டும். அருகிலுள்ள மருத்துவமனைக்கோ மகப்பேறு மையத்துக்கோ நாளைக் காலையிலேயே போன் செய்து, "கர்ப்பமாக இருக்கிறேன், பத்து வாரம், இந்த நாட்டுக்குப் புதிது" என்று சொல்லுங்கள். அந்தப் பத்து வாரம் முக்கியம். முதல் சந்திப்பு 12 வாரத்துக்குள் நடக்க வேண்டும் என்றும், பிரசவம்வரை குறைந்தது 8 முறையாவது பார்க்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2016இல் சொன்னது. சில பரிசோதனைகளுக்குக் கெடு உண்டு, அது தாண்டினால் திரும்ப வராது. பிரசவத் தேதியைச் சரியாகக் கணிக்கும் ஸ்கேனும் முதல் மூன்று மாதத்தில் எடுப்பதுதான். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் மாத்திரையை இன்னும் தொடங்கவில்லை என்றால் இன்றே மருந்துக்கடையில் கேளுங்கள். டாக்டர் அதைவிட அதிகம் சொல்லியிருந்தால் அவர் சொன்ன அளவு.

நான் வந்தபோது, முகவரிச் சான்று இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்று ஒரு அலுவலக ஜன்னலில் திருப்பி அனுப்பினார்கள். வீட்டு உரிமையாளர் கடிதம் தர இழுத்தடித்தார். ஒருவழியாக என்னைப் பரிசோதித்தபோது ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தேதி தோராயமாகத்தான் போட்டார்கள். அதன் விளைவு கடைசியில் தெரிந்தது: நாள் தாண்டிவிட்டதா, வலி வர மருந்து கொடுக்கலாமா என்று ஒரு டாக்டர் ஒன்று சொல்ல, இன்னொருவர் வேறு சொல்ல, நிறைமாத வயிற்றோடு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் ஒருவர் முடியாது என்றால், அதே இடத்தில் மருத்துவச்சியையோ சமூகப் பணியாளரையோ பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்காமல் திரும்பி வராதீர்கள்.

நம்மவர்களில் சிலர், "எதற்கு இத்தனை தடவை போகிறாய், நாங்கள் எல்லாம் ஐந்தாம் மாதம்தான் போனோம், பிள்ளை நன்றாகத்தானே பிறந்தது" என்பார்கள். நல்ல மனதோடு சொல்வார்கள்தான். ஆனாலும் இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போகத் தொடங்கினால் ஆரம்பத்தில் உடம்புக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். அதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் கையில் பட்டை சுற்றுகிறார்கள், சிறுநீர் கேட்கிறார்கள். கர்ப்பகால சர்க்கரையும் அப்படித்தான். தெற்காசியப் பெண்களுக்கு அது வரும் வாய்ப்பு அதிகம். 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யும் அந்தப் பரிசோதனையை, குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லை என்று தட்டிக்கழிக்க வேண்டாம். தலைவலி விடாமல் இருந்தாலோ, பார்வை மங்கினாலோ, முகமும் கையும் திடீரென வீங்கினாலோ அடுத்த சந்திப்புவரை பொறுக்கக் கூடாது, அன்றே போக வேண்டும்.

இன்னொன்று. மொழிக்குக் கணவரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பல மருத்துவமனைகளில் போன் வழியாகவாவது மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். சிறுநீர் போகும்போது எரிகிறது, இரவில் காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று நாம் ஐந்து நிமிடம் சொல்வோம். அவர் கூச்சப்பட்டு, "கொஞ்சம் களைப்பாக இருக்கிறதாம்" என்று முடித்துவிடுவார். அந்த எரிச்சல் கிருமித்தொற்றாக இருந்து சிறுநீரகம்வரை போகலாம், குறைமாதப் பிரசவத்திலும் முடியலாம்.

எனக்கு வாய்த்த மருத்துவச்சி என் கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, போனில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, "வீட்டில் யாரைக் கண்டாவது பயமா?" என்று கேட்டார். திகைத்துப்போனேன். எல்லாப் பெண்களிடமும் கேட்பதுதான் என்று பிறகு தெரிந்தது. அடுத்து, "தூங்குகிறாயா?" என்றார். அந்த நாட்டில் அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அன்று அழுதது இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வலி, வீக்கம், கசிவு, அசைவு என்று வேண்டிய சொற்களை ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். இரண்டாவது பிள்ளைக்கு எல்லாச் சந்திப்புக்கும் தனியாகவே போனேன், நானே பேசினேன். இப்போது புதிதாக வரும் பெண்களுக்குத் துணையாகப் போகிறேன். அதில் எனக்குப் பெருமைதான்.

அந்த இரண்டாவது கர்ப்பத்தில், எட்டாம் மாதம் ஒரு மாலை அசைவு குறைந்ததுபோல் இருந்தது. காலைவரை பார்க்கலாம் என்று வீட்டில் இருந்தவர்கள் சொன்னார்கள். நான் போன் செய்தேன், உடனே வரச் சொன்னார்கள். வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்றார் நர்ஸ். வீணாக வந்துவிட்டேனோ என்றேன். "நாளைக்கும் இப்படித் தோன்றினால் நாளைக்கும் வா" என்றார். உங்கள் பிரசவப் பிரிவின் இரவு நேர எண்ணை முதல் சந்திப்பிலேயே கேட்டு வாங்கி, இரண்டு பேர் போனிலும் பதிந்துவையுங்கள்.