15 சதவீதம் போதுமா? – கடிதம்

அன்புள்ள சார்,

வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு தெருவில் 15 சதவீதம் பேர் கேட்டாலே பெயர்ப்பலகையில் ஐரிஷ் மொழியையும் சேர்க்கலாம் என்று மாநகராட்சி 2022-இல் விதியை மாற்றியதைப் பாராட்டியிருந்தீர்கள். மீதிப்பேரின் விருப்பத்துக்கு மதிப்பில்லையா? மொழி, விளையாட்டு இரண்டையும் அரசியலில் இழுக்காமல் இருந்தால் என்ன? மகள் அங்கே படிக்கிறாள், மே மாதம் போகிறோம். அங்குள்ள கேஸ்மென்ட் பார்க் மைதானத்தில் ஹர்லிங் (மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ஐரிஷ் ஆட்டம்) பார்க்க முடியுமா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

பழைய விதிப்படி தெருவாசிகளில் மூன்றில் இரண்டு பங்கு பேர் 'வேண்டும்' என்று எழுதித் தர வேண்டும். பதிலே போடாதவரும் 'வேண்டாம்' கணக்கில் போய்விடுவார். எந்த ஊரில் அத்தனை பேர் படிவம் நிரப்பி அனுப்புகிறார்கள்? புதிய பலகையில் ஆங்கிலப் பெயர் அப்படியே இருக்கிறது, அதன் கீழே ஐரிஷ் ஒரு வரி, அவ்வளவுதான். மீதிப்பேருக்கு இதில் என்ன நஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அந்த ஒரு வரியை மட்டும் பெயின்ட் அடித்து மறைக்கிறார்கள், கிரைண்டர் வைத்துச் சுரண்டுகிறார்கள். இத்தனைக்கும் பிரிட்டிஷ் விசுவாசிகளின் கோட்டையான ஷாங்கில் வட்டாரத்தின் பெயரே ஐரிஷ்தான், 'பழைய தேவாலயம்' என்று பொருள்.

அரசியலில் யார் இழுத்தது? நீதிமன்றங்களில் ஆங்கிலம் மட்டுமே என்ற 1737-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க 2022-இல்தான் வழி பிறந்தது. மறுபக்கமான ஐரிஷ் தேசியவாதிகளும் சுத்தம் இல்லை. ஹர்லிங் போன்ற ஐரிஷ் ஆட்டங்களை நடத்தும், 1884-இல் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம், வடக்கு அயர்லாந்தின் போலீஸ்காரர்களையும் பிரிட்டிஷ் ராணுவத்தினரையும் 2001 வரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. நீங்கள் கேட்கும் மைதானத்துக்கே, தேசத்துரோகக் குற்றத்துக்காக 1916-இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஐரிஷ் புரட்சியாளர் ரோஜர் கேஸ்மென்ட்டின் பெயர். பிரிட்டன் பக்கம் நிற்பவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்கள்; அப்படி ஒரு வீட்டுப் பையன் அங்கே போகத் தயங்கினால் அதை வெறும் வெறுப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

அதனால்தான் 2020-இல் புராட்டஸ்டன்ட்கள் அதிகம் வாழும் கிழக்கு பெல்ஃபாஸ்ட்டிலேயே தொடங்கிய 'ஈஸ்ட் பெல்ஃபாஸ்ட்' கேலிக் விளையாட்டு கிளப்பைப் பற்றி அவ்வளவு எழுதினேன். எந்தப் புரட்சியாளர் பெயரையும் வைத்துக்கொள்ளாமல் வட்டாரத்தின் பெயரையே வைத்தார்கள். சின்னத்தில் ஐரிஷ் ஷாம்ராக் இலை, ஸ்காட்லாந்தின் நெருஞ்சிப்பூ, கூடவே கப்பல்கட்டும் தளத்தின் கிரேன். 'ஒன்றாக' என்ற சொல் ஆங்கிலம், ஐரிஷ், அல்ஸ்டர் ஸ்காட்ஸ் (ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த பேச்சு) மூன்றிலும். தலைவராக வந்தவர் லிண்டா எர்வின், அதே கிழக்கு பெல்ஃபாஸ்ட்டில் ஐரிஷ் வகுப்புகள் நடத்தும் புராட்டஸ்டன்ட் பெண்மணி. தொடங்கிய வருடமே மைதானத்தில் வெடிகுண்டுப் புரளி. அப்புறமும் ஆடினார்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். கேஸ்மென்ட் பார்க்கில் 2013-க்குப் பிறகு ஆட்டமே நடக்கவில்லை. திருப்பிக் கட்டும் திட்டம் வழக்கிலும் பணத்திலும் சிக்கி இழுத்துக்கொண்டே போனது. 2028 யூரோ கால்பந்துக்குத் தயாராகும் என்ற நம்பிக்கையும் 2024-இல் போயிற்று. மேற்கு பெல்ஃபாஸ்ட்டில் ஒயிட்ராக் சாலையிலுள்ள கோரிகன் பார்க்குக்குப் போங்கள். அந்த வட்டாரத்தின் ஆன்ட்ரிம் கவுண்டி அணி சொந்த ஊரில் ஆடும் நாளா என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். H வடிவக் கம்பத்தில் குறுக்குக் கட்டைக்கு மேலே போனால் 1, கீழே வலைக்குள் போனால் 3, இது தெரிந்தால் போதும். கோலுக்குப் பின்னால் மட்டும் நிற்காதீர்கள். தோல் பந்து, வரும் வேகம் கண்ணுக்குப் பிடிபடாது.