போக எட்டு மணி, திரும்ப ஏழு மணி: விமான நேரக் கேள்விகள்

லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழுதான். பூமி சுழல்வதாலா?

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் பூமியோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. அதனால் பூமி அடியில் நகர்ந்துபோய் நமக்குத் தூரத்தைக் குறைத்துத் தருவதில்லை. வித்தியாசத்துக்கு நேரடிக் காரணம் ஜெட் காற்றோட்டம். சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறுபோல ஓடும் காற்று இது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைச் சாதாரணமாகத் தாண்டும். கிழக்கே போனால் தள்ளிவிடும், மேற்கே போனால் எதிர்த்து நிற்கும். 2020 பிப்ரவரியில், சியாரா புயல் சமயத்தில், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. எஞ்சின் கூடுதலாக எதுவும் செய்துவிடவில்லை, எல்லாம் காற்றின் கொடை!

இரண்டு ஊருக்கும் தூரம் 5,540 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்றால் ஆறு மணி சொச்சம்தானே வருகிறது?

கணக்கு சரி. ஆனால் டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் அல்ல. நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது முதல் அடுத்த ஊரில் வந்து நிற்பது வரை எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஓடுதளத்துக்கான வரிசை, மெதுவாக ஏறுவது, இறங்குவது, எதிர்காற்று, இவையும் உள்ளே இருக்கின்றன.

லண்டன் – லாஸ் ஏஞ்சலஸ் விமானம் ஏன் கிரீன்லாந்துப் பக்கம் சுற்றிப் போகிறது?

சுற்றவில்லை, அதுதான் குறுக்குவழி. ஓர் உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நூல் வடக்கே ஏறிப் போகும். தட்டையான வரைபடம்தான் அதை வளைவாகக் காட்டுகிறது. குழந்தைகளோடு சேர்ந்து ஒருமுறை செய்து பாருங்கள், மறக்கவே மறக்காது.

டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பி, லாஸ் ஏஞ்சலஸில் அதே நாள் காலை 11 மணிக்கு இறங்குவதாக டிக்கெட் சொல்கிறது. தவறா?

தவறில்லை. வழியில் தேதிக்கோட்டை, அதாவது பசிபிக் கடலில் தேதி மாறும் கற்பனைக் கோட்டைக் கடக்கிறீர்கள். கோடைக்காலத்தில் டோக்கியோ கடிகாரம் லாஸ் ஏஞ்சலஸைவிட 16 மணி நேரம் முன்னே ஓடும். பயணம் சுமார் 10 மணி நேரம். மாலை 5 மணியோடு 10-ஐக் கூட்டி 16-ஐக் கழித்துப் பாருங்கள், சரியாக வரும்.

ஊர்கள் இடம் மாறவில்லை. ஆனால் ஹெல்சிங்கி – டோக்கியோ நேரம் மட்டும் எப்படிக் கூடியது?

2022-ல் பின்லாந்து விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. ஒன்பதரை மணி நேரம் போலிருந்த பயணம், வட துருவம் வழியாகவோ தெற்கே சுற்றியோ போக வேண்டியதாகி, 13 மணி நேரத்தை எட்டியது. அதனால் பழைய கட்டுரையில் படித்த நேரத்தை நம்பி அடுத்த விமானத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். உங்கள் தேதிக்கான அட்டவணையைப் பாருங்கள், போகவும் வரவும் தனித்தனியாக.