வாசகர் கேள்வி – மின்சாரமும் மானியமும்

கேள்வி: மடிப்பாக்கத்தில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். இரண்டு மாதத்திற்கு 520 யூனிட் வரை ஓடுகிறது. 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும், மொட்டைமாடியில் 3 கிலோவாட் சூரிய மின்தகடு போட்டுவிடுங்கள் என்று விற்பனையாளர்கள் வற்புறுத்துகிறார்கள். போடலாமா?

பதில்: போடலாம்; ஆனால் 3 கிலோவாட் தங்களுக்குத் தேவையில்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியம் உண்டு. அதற்குமேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் 78,000தான் உச்சவரம்பு. அந்த எண்ணைவிடத் தங்கள் மின்கணக்கு அட்டையை முதலில் பார்ப்பதே நல்லது.

சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். இரண்டு மாதத்திற்கு 240 யூனிட். நம் மாநிலக் கட்டண முறையில் 500 யூனிட்டைத் தாண்டியவருக்கு, தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமின்றி 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடுகிறது. ஆகவே ஒரு கிலோவாட் போட்டாலே தங்கள் நிகரப் பயன்பாடு 280 ஆகக் குறைந்து, அந்தப் பட்டியலிலிருந்தே இறங்கிவிடுவீர்கள். 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழிந்து, கட்டணமே ஏறக்குறைய நின்றுவிடும். மூன்றாவது கிலோவாட்டில் விளைவது பெரும்பாலும் உபரிதான். ஏ.சி. வாங்கும் எண்ணமிருந்தால் மட்டும் அதைப்பற்றி யோசியுங்கள். மாறாக, 180 யூனிட் மட்டும் செலவழிக்கும் வீட்டில் முதல் 100 யூனிட் இலவசம் போக மீதி 80 யூனிட்டுக்கே பணம் கட்டுவதால், எவ்வளவு மானியம் கொடுத்தாலும் போட்ட முதல் திரும்ப வெகுகாலம் பிடிக்கும். இலவச மின்சாரமும் சூரியசக்தி மானியமும் இப்படி ஒன்றுக்கொன்று எதிராக இழுப்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

மானியம் முன்பணமாகக் கிடைக்காது. பதிவு பெற்ற நிறுவனம் தகடுகளைப் பொருத்தி, நாம் எடுக்கும் மின்சாரத்தையும் கொடுக்கும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டர் மாட்டி, ஆய்வு முடிந்த பிறகே வங்கிக் கணக்கில் வரவாகும். தகடுகளும் அவற்றினுள் உள்ள சூரிய செல்களும் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். மலிவு என்று இறக்குமதித் தகட்டை வாங்கினால் மானியம் போய்விடும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழலும் விழாத இடமாகப் பாருங்கள்.

கேள்வி: மின்வெட்டின்போது மின்விசிறியாவது ஓடுமா? – பெரம்பூர் வாசகர்

பதில்: ஓடாது. பேட்டரியில்லாத அமைப்பு, கம்பியில் பணிபுரியும் ஊழியரின் பாதுகாப்புக்காக, மின்வெட்டானதும் தானே நின்றுவிடும்.

கேள்வி: விருகம்பாக்கத்தில் 24 வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் இருக்கிறோம். மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. எங்களுக்கு வழியுண்டா?

பதில்: உண்டு. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு போன்ற பொதுத் தேவைகளுக்குக் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் விண்ணப்பித்தால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் வீதம் மானியம் கிடைக்கும். தனிவீட்டுக்காரருக்கு 30,000, அடுக்ககத்தாருக்கு 18,000 என்பது நியாயமாகப் படவில்லை. இடநெருக்கடி மிகுந்த இந்நகரில் தனி மாடி உள்ளவர் எத்தனை பேர்? வாடகைக்குக் குடியிருப்போரோ வீட்டுக்காரரின் சம்மதமின்றி மாடியைத் தொடவே முடியாது. ஆயினும் கணக்கு தங்கள் பக்கம்தான். 2022 கட்டண ஆணை அடுக்ககப் பொதுப் பயன்பாட்டுக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என விதித்தது. இலவச யூனிட்டும் கிடையாது. அடுத்த ஆண்டு அதை 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தபோதும், 10 வீடுகளுக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத சிறு குடியிருப்புகளுக்கே அச்சலுகை கிடைத்தது. 24 வீடுகள் உள்ள தாங்கள் அதில் வரமாட்டீர்கள் என்பதால், தகடு தரும் ஒவ்வொரு யூனிட்டும் முழு விலையை மிச்சப்படுத்தும். மாடியைப் பயன்படுத்தச் சம்மதித்துப் பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, கூட்டக் குறிப்பேட்டில் பதிந்துகொண்ட பின்னர் விண்ணப்பியுங்கள். துணி உலர்த்தும் கொடிக்கு எந்த மூலை என்பதையும் அதிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது.