சால் விடாமல் தேடுங்கள்: டிடெக்டர் கேள்வி பதில்

நகை தொலைந்த இடத்தில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுவது பற்றி நம்ம பக்கத்து ஆட்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

அண்ணாச்சி, களை பறிக்கும்போது வீட்டுக்காரி கம்மல் ஒண்ணு வயல்ல விழுந்துட்டு. இப்ப அறுப்பு முடிஞ்சு தரை காஞ்சு கிடக்கு. இருபது சென்ட். மிஷினை வாடகைக்கு எடுத்து வயல் பூரா நடந்தாச்சு, ஒண்ணுமில்ல. (அம்பாசமுத்திரம்)

வயல் பூரா என்கிறீர்கள். எங்கெங்கே நடந்தீர்கள் என்று வரைந்து காட்ட முடியுமா? மனசு சொன்ன பக்கமே கால் திரும்பத் திரும்பப் போகும், வரப்போரம் ஒரு தடவைகூட மிதிபடாது. ஏர் உழுகிற மாதிரி சாலுக்குச் சால் ஒட்டிப் போகவேண்டும்.

இருபது சென்ட் ஏறக்குறைய 800 சதுர மீட்டர். வயல் 40க்கு 20 மீட்டர் என்று வையுங்கள். ஒரு மீட்டர் அகலப் பட்டையாகக் கயிறு கட்டினால் 20 பட்டை, மொத்தம் 800 மீட்டர் நடை. நிதானமாகப் போனாலும் ஒரு பகலில் முடியும். முடித்தபின், கிடைக்காவிட்டாலும், எந்தப் பட்டையை முடித்தோம் என்று தெரியும்; பார்த்த இடத்தையே மறுபடி பார்க்க வேண்டாம். கயிறு கட்டுவதே அதற்குத்தான். வீட்டுக்காரம்மா அன்றைக்கு எந்தப் பக்கம் களை பறித்தார்கள் என்று கேட்டு, முதல் பட்டையை அங்கே போடுங்கள்.

கயிறு கோணலாப் போவுது. நேரா எப்படிக் கட்ட? (கல்லிடைக்குறிச்சி)

கொத்தனார் மூலை பார்க்கிற கணக்குதான். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் அளந்து, இரண்டு முனைக்கும் நடுவே 5 மீட்டர் வந்தால் மூலை சதுரம். முளைக்கு மரக்குச்சி போதும். கம்பியோ ஆணியோ அடித்தால் பட்டைக்குப் பட்டை அதற்கே மிஷின் கத்தும். மண்வெட்டியைத் தள்ளி வையுங்கள், இரும்பு வளையம் வைத்த செருப்பையும் கழற்றிவிடுங்கள். எல்லாப் பட்டைக்கும் கயிறு வேண்டாம், இரண்டு கயிறு இருந்தால் போதும். ஒரு பட்டை முடிந்ததும் பின்கயிற்றை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போகலாம்.

மிஷின் அடியில இருக்கிற தட்டை, அதான் காயிலை, எவ்வளவு தூரம் வீசலாம்? (பாளையங்கோட்டை)

இரண்டு பக்கமும் கயிற்றைத் தாண்டி ஒரு சாண். தரையை ஒட்டி, மட்டமாக. வீச்சு முடிகிற இடத்தில் கை தானாக மேலே தூக்கும். பட்டையின் ஓரம் தேடாமல் போவது அதனால்தான். அடுத்த வீச்சுக்குக் காயிலின் பாதி அகலம் மட்டும் முன்னால் நகருங்கள். வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்றிய கான்சென்ட்ரிக் காயில் பார்க்கிற இடம் கூம்பு மாதிரி, ஆழம் போகப் போகக் குறுகிவிடும். அதற்குப் பாதிக்கும் குறைவாகவே நகரவேண்டும். D எழுத்து மாதிரி இரண்டு சுருள் சேர்ந்த டபுள் டி காயில் முன்னிருந்து பின்வரை ஒரே பட்டையாகப் பார்க்கும், கொஞ்சம் தாராளமாகப் போகலாம்.

எங்க ஊர் தேரி மண்ணுல மிஷின் சும்மா சும்மா கத்துது. (திசையன்விளை)

செம்மணலில் இரும்புச் சத்து கூடுதல், மிஷின் மண்ணையே உலோகமென்று நினைக்கிறது. உலோகம் இல்லாத இடம் பார்த்துக் காயிலை ஏற்றி இறக்கி, மண்ணின் சத்தத்தை ஒதுக்கும்படி மிஷினைச் சரிசெய்யுங்கள் (கிரவுண்ட் பேலன்ஸ் என்பது இதுதான்). பட்டையில் மண் நிறம் மாறினால் திரும்பச் செய்யுங்கள். அப்படியும் கத்தினால் சென்சிட்டிவிட்டியைக் குறைக்கவேண்டியதுதான். ஆழம் குறையும், பரவாயில்லை. உவரிப் பக்கம் கடற்கரைக் கறுப்பு மணலிலும் இதே தொல்லை. பக்கத்தில் பம்புசெட்டு ஓடினாலோ, மேலே ஹைடென்ஷன் லைன் போனாலோ அதனாலும் கத்தும். போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தேடாதீர்கள்.

வயலை முழுசாப் பட்டை போட்டுப் பார்த்தாச்சு. மோதிரம் இல்ல. விட்டுரவா? (சேரன்மகாதேவி)

குறுக்குச் சால் ஓட்டினீர்களா? முதலில் கிழக்கு மேற்காகப் போனால், அடுத்து தெற்கு வடக்காகப் போகவேண்டும். பக்கத்திலே ஒரு ஆணி கிடந்தால் ஒரு திசையில் மோதிரத்தின் சத்தத்தை அமுக்கிவிடும், வேறு திசையிலிருந்து வந்தால் பிரிந்து கேட்கும்.

குப்பை உலோகத்துக்குச் சத்தம் வராமல் தடுக்கிற டிஸ்கிரிமினேஷன் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். சின்னத் தங்க மோதிரமும் மாத்திரை அட்டையும் பல மிஷினில் ஒரே இடத்தில்தான் எண் காட்டும். குப்பையை ஒதுக்கினால் தங்கத்தையும் சேர்த்து ஒதுக்குகிறீர்கள். மாத்திரை அட்டையும் பாக்குப் பொட்டலமும் நூறு தோண்டினாலும் சலிக்கக்கூடாது.

இன்னொன்று, இதை யாருமே செய்வதில்லை. அதேபோல ஒரு மோதிரத்தை நூலில் கட்டி அந்த வயலிலேயே, தொலைந்தது கிடக்கக்கூடிய ஆழத்தில் புதைத்து, மிஷின் அதைச் சொல்கிறதா பாருங்கள். சொல்லாவிட்டால் எத்தனை பட்டை நடந்தும் புண்ணியமில்லை. நூலை மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தேட இரண்டு மோதிரம் ஆகிவிடும். மெல்லிய சங்கிலி தொலைத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத்தான் மிஷின் பார்க்கும், எடை கூடுதலாக இருந்தும் மோதிரத்தைவிடச் சத்தம் குறைவு.

பாபநாசம் படித்துறையில குளிக்கும்போது மோதிரம் போச்சு. ஆத்துலயும் கயிறு கட்டலாமா? (விக்கிரமசிங்கபுரம்)

இடுப்பளவுத் தண்ணீருக்குள் கட்டலாம். கீழிருந்து மேலாக, ஓட்டத்தை எதிர்த்துப் போங்கள். கலங்கல் பின்னால் போய்விடும். காயில் நனையலாம், மேலே இருக்கிற கன்ட்ரோல் பெட்டி நனையலாமா என்று முதலில் பாருங்கள். தங்கம் கனம், மணலில் நிற்காது. பாறை இடுக்கு, கூழாங்கல் அடி இரண்டையும் விடாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு முன்னால் தொலைந்ததென்றால் தாமிரபரணி அந்த மணலையே புரட்டிப் போட்டுவிட்டது, மெனக்கெட வேண்டாம்.

ஆதிச்சநல்லூர்ப் பக்கம் இதே மாதிரி பட்டை போட்டா ஏதாவது கிடைக்குமா? (ஸ்ரீவைகுண்டம்)

போலீஸ் கேஸ் கிடைக்கும். அது மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிற பழங்காலத்து இடுகாடு. வெள்ளைக்காரன் காலத்தில் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தங்க நெற்றிப்பட்டங்கள் வந்தது உண்மைதான். அவை எந்த மட்டத்தில், எந்தத் தாழிக்குப் பக்கத்தில் கிடந்தன என்பது பொன்னைவிடப் பெரிய விஷயம், தோண்டி எடுத்தவன் அதை அழித்துவிடுகிறான். சொந்த வயலிலேயே பழம்பொருள் வந்தாலும், 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும்.

பாதியில இருட்டிட்டா? (அம்பாசமுத்திரம், மறுபடியும்)

கடைசிப் பட்டையின் முளையில் துணி கட்டுங்கள். காலையில் ஒரு பட்டை பின்தள்ளித் தொடங்குங்கள். அறுத்த வயல், மாடு மேய வரும். கயிற்றை இழுக்காமல் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வயல்காரரிடம் சொல்லிவிட்டு வாங்க.