நாலாம் மாடியிலிருந்து: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மூட்டுகளைப் பிடித்திருக்கும் என் முடக்குவாதத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களுக்கே இந்த மாதப் பக்கம் முழுவதும்.

*டீச்சரம்மா, எனக்கு 41 வயது. ஒன்றரை வருடமாக இரண்டு கையிலும் விரல் முட்டிகள், மணிக்கட்டு எல்லாம் வீங்கி வலிக்கின்றன. காலையில் பல் துலக்கப் பிரஷ் பிடிக்க முடியவில்லை. மருந்துக் கடையில் கலந்து கட்டித் தரும் பொட்டல மாத்திரையைப் போட்டால் அன்றைக்கு வேலை ஓடிவிடுகிறது. கோயிலுக்குப் பூத் தொடுத்துக் கொடுப்பது எனக்கு உயிர். அதை விட்டுவிடத்தான் வேண்டுமா?*
*– வாசகி, பெகு, பர்மா*

பூவை விட வேண்டாம் தங்கச்சி. விட வேண்டியது பொட்டலத்தை. அதையும் நாளைக்கே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்.

அந்தப் பொட்டலத்தில் நாலைந்து நிறத்தில் மாத்திரை இருக்கும், ஒன்றுக்கும் பெயர் இருக்காது. அதில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கலாம். வீக்கத்தை அது மளமளவென்று வற்ற வைக்கும். அதனால்தான் கைகண்ட மருந்து போலத் தெரிகிறது. மாதக்கணக்கில் தின்றால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலம் இழக்கும். நாள்பட எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை அதற்குள் குறைத்துவிட்டிருக்கும், ஆளே மயங்கி விழலாம். நானும் எட்டு மாதம் அந்தப் பொட்டலத்தை நம்பியிருந்தவள். மிச்சமிருப்பதை அப்படியே பையில் போட்டுக்கொண்டு மூட்டு வாத மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று அவர் சொல்லட்டும்.

இரண்டு கையிலும் ஒரே மாதிரி, சின்ன மூட்டுகளில் வீக்கம், காலையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத விறைப்பு என்றால் முடக்குவாதமா என்று பார்த்தே ஆகவேண்டும். வயதானால் வரும் தேய்மானம் வேறு, இது வேறு. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. சீக்கிரம் சரியான மருந்தைத் தொடங்கினால் விரல் கோணாமல் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். என் வலது கை நடுவிரல் கோணியது, நான் வீணாக்கிய அந்த எட்டு மாதத்தில்தான்.

இந்த நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எழுதிக் கொடுத்தால் ஒன்றை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். அது வாரத்துக்கு ஒரு நாள் எடுக்கும் மாத்திரை. மறந்தும் தினம் விழுங்கினால் உயிருக்கே உலை. எனக்கு வெள்ளிக்கிழமை. விழுங்கியதும் காலண்டரில் அந்தத் தேதி மேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிடுவேன். பிறகு சந்தேகமே வராது. ஈரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இன்னும் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் மருந்து எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இனிப் பூவுக்கு வருவோம். வலிப்பது பூவால் இல்லை, நாரைச் சுண்டி இழுத்து முடிச்சுப் போடும் அந்த ஒரு அசைவால்தான். வீக்கம் இருக்கும் வாரங்களில் தொடுக்காமல் கோத்துக் கொடுங்கள். பெரிய ஊசி ஒன்றை எடுத்து, பிடிக்கும் இடத்தில் பழைய துணியைச் சுண்டுவிரல் கனத்துக்குச் சுற்றி நூலால் கட்டிக்கொள்ளுங்கள். விரலை இறுக்காமலே பிடி கிடைக்கும். காலையில் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் பத்து நிமிடம் கையை வைத்திருந்து, விறைப்பு விட்ட பிறகு உட்காருங்கள். 20 நிமிடம் ஆனதும், வலிக்காவிட்டாலும், எழுந்துவிடுங்கள். இந்தக் கடைசிப் பாடத்தைக் கற்க எனக்கு ஆறு வருடம் பிடித்தது. நல்ல நாள் வாய்த்தால் வீடு முழுக்கக் கழுவித் துடைத்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பேன்.

*அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். மூன்றாம் மாடியில் இருக்கிறோம். யாரோ கொடுத்த பூனைக்குட்டியை வைத்துக்கொண்டு, தர மாட்டேன் என்கிறார். குனிந்து குனிந்து அதற்குச் செய்தால் வலி கூடாதா?*
*– வாசகர், தென் ஒக்கலாப்பா*

தம்பி, தயவுசெய்து குட்டியைப் பிரித்துவிடாதீர்கள். குனிவதை மட்டும் குறையுங்கள். சோற்றுத் தட்டை முக்காலி மேல் வையுங்கள், பூனை தாவி ஏறிக்கொள்ளும். பூனை வெளிக்குப் போகும் மண் தட்டைத் தாழ்ந்த பெஞ்சு மேல் வைத்து, அள்ள நீளப் பிடி உள்ள கரண்டி வாங்கிக் கொடுங்கள். மண் மாற்றுவது உங்கள் வேலையாக இருக்கட்டும். மீன் தலைக்காகப் படி இறங்க வேண்டாம். பேப்பர்க்காரர் பேப்பர் மாட்டிவிடப் பால்கனியிலிருந்து கிளிப் கட்டித் தொங்கவிடுகிறோமே, அந்தக் கயிற்றிலேயே ஒரு சின்னக் கூடையைக் கட்டி இறக்கினால் போதும். எங்கள் வீட்டு மருந்துகூட அப்படித்தான் மேலே வருகிறது.

என்னிடம் மிளகு இருக்கிறாள், கறுப்பி, 11 வயது. பூனைக்கு உடம்புச் சூடு 38, 39 டிகிரி, நம்மைவிடக் கூட. கரண்ட் இல்லாத ராத்திரியில் என் முட்டியோடு ஒட்டிப் படுத்துக்கொள்வாள். விடிந்ததும் முன்னங்காலால் என் கன்னத்தைத் தட்டுவாள். நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, மெத்தென்று, இரண்டே தட்டு. எனக்காக எழுந்திருக்க மனமில்லாத காலைகளில் அவளுக்காக எழுந்து அடுப்படி வரை நடந்திருக்கிறேன். அந்தப் பத்தடியில் முட்டி கொஞ்சம் இளகிவிடும்.

குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள். கீறினாலும் கடித்தாலும் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். என்னைப் போல எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் சின்னக் கீறலைக்கூட லேசாக விடக்கூடாது.

*மழை பிடித்தாலே வலி கூடுகிறது. பிரமை என்கிறார் என் கணவர்.*
*– வாசகி, தட்டோன்*

உங்கள் வலி உங்களுடையது, அதைப் பிரமை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மழைக்கும் மூட்டுக்கும் என்ன தொடர்பு என்பதில் மருத்துவ ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை. நான் கண்டது, மழைக்காலத்தில் நாம் அசைவதே இல்லை என்பது. கூடத்துக்குள்ளேயே சுவரைத் தொட்டுத் தொட்டு நடங்கள், காலை ஒரு தரம், மாலை ஒரு தரம்.

*வயது 52. ஒன்பது வருடமாக இடுப்பு வலி. சிவகங்கைப் பக்கம் தாத்தா பிறந்த ஊரை ஒரு தடவை பார்க்க வேண்டும். ஆனால் திட்டம் போடவே பயமாக இருக்கிறது. போன வருடம் தங்கை மகள் கல்யாணத்துக்கே போக முடியாமல் படுத்துவிட்டேன்.*
*– வாசகர், மோல்மீன்*

திட்டம் போடுங்கள் ஐயா. வலி போகட்டும், பிறகு பார்க்கலாம் என்றுதான் நானும் இருந்தேன். என் ஆர்மோனியம் ஆறு வருடம் உறைக்குள் கிடந்து துருத்தியில் பூச்சி அரித்துவிட்டது. வலியையும் கணக்கில் சேர்த்தே தேதி போடுங்கள். நாலு நாள் வேலைக்கு ஏழு நாள் ஒதுக்குங்கள். போய் இறங்கிய மறுநாள் எங்கும் கிளம்பாதீர்கள். கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது என்று ஏதாவது வந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் அன்றே ஆஸ்பத்திரி.

ரங்கூன் வட்ட ரயிலில் ஒரு முழுச் சுற்று வர வேண்டும் என்பது என் ஆசை. 46 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் போல ஆகும், அவ்வளவு நேரம் அந்தப் பலகையில் என்னால் உட்கார முடியாது. முதல் தடவை இன்செயினில் இறங்கித் திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை டன்யின்கோன் சந்தை வரை போய், கீரைக்கட்டு மலைகளுக்கு நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். மிச்சத்தைத் தை மாதக் குளிரில் முடிக்கப்போகிறேன்.

இன்னொன்றும் கையில் இருக்கிறது. 1964இல் கடைகளை அரசு எடுத்து, 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போய், நம் சனம் கப்பல் கப்பலாகக் கிளம்பியபோது இங்கேயே தங்கிவிட்ட பெரியவர்களின் பேச்சைப் போனில் பதிந்து வருகிறேன். பேனா பிடிக்காத கைக்கு ஏற்ற வேலை. இதுவரை 14 பேர். உங்கள் தாத்தா ஊர்க் கதை தெரிந்த யாராவது மோல்மீனில் இருந்தால், பயணத்துக்கு முன் நீங்களும் அவர்களிடம் உட்கார்ந்து பதிந்துகொள்ளுங்கள். ஊருக்குப் போனதும் யாரைக் கேட்பது என்று தெரியும்.

*எனக்கு 12 வயது. பாட்டிக்குக் கை வலி. அதனால் கோலம் சொல்லித்தர முடியாதாம். நான் என்ன செய்வது?*
*– வாசகி, ரங்கூன்*

கண்ணு, பாட்டியை நாற்காலியில் உட்கார வை. கோலமாவு உன் கையில் இருக்கட்டும். "பாட்டி, 7 புள்ளி, ஊடுபுள்ளி 4 வரை, வைத்துவிட்டேன். அடுத்து எங்கே இழுக்க?" என்று கேள். அவர் வாயால் சொல்லுவார், நீ இழு. தப்பினால் அழித்துவிட்டு மறுபடி கேள். முடித்ததும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. பாட்டியின் காலும் அதில் தெரிய வேண்டும்.