லத்தி போடாத குதிரைகள்

கேள்வி: காலை நடைக்குப் போகும் சாலையில் இரண்டு பேர் ராஜா மாதிரி குதிரையில் வருகிறார்கள். குதிரை நடுரோட்டில் லத்தி போட்டுவிட்டுப் போகிறது. இவர்கள் கண்டுகொள்வதே இல்லை. நாய் வளர்ப்பவர் அள்ள வேண்டும் என்றால் குதிரைக்காரரும் அள்ள வேண்டாமா?
– ஒரு வாசகர், ரேஸ்கோர்ஸ் காலனி, மதுரை

பதில்: அள்ள வேண்டும். கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் ரேஸ்கோர்ஸ் காலனியில் குடியிருந்துகொண்டு குதிரையைப் பற்றிப் புகார் எழுதுகிறீர்கள், அதிலும் 'ராஜா மாதிரி' என்கிறீர்கள். இதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போக எனக்கு மனசு வரவில்லை.

நம் ராஜாக்களுக்குக் குதிரைப் பைத்தியம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ராஜா வருஷத்துக்கு 2000 குதிரைக்கு மேல் கடல் வழியாக வாங்குகிறார், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை, பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை என்று எழுதிவைத்தார். ஒரு குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 20 கிலோ போடும். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்வெட்டில் ஏரி வெட்டியவர் பெயர் இருக்கிறது, விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர் பெயர் இருக்கிறது. லாயம் கூட்டியவர் பெயரை நான் எதிலும் படித்ததில்லை.

திருவிளையாடலில் அந்தக் குதிரைக் கதை வருகிறதே, அதில் எனக்கு வெகுநாள் சந்தேகம் ஒன்று உண்டு. குதிரை வாங்கப் பாண்டியர் கொடுத்த பணத்தை வாதவூரர், அதாவது மாணிக்கவாசகர், திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். சிவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தார். அன்று ராத்திரியே பரியெல்லாம் நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடிவிட்டன. சரி, பகலில் அவை போட்ட லத்தி? அதுவும் நரி விட்டையாக மாறியதா, லத்தியாகவே கிடந்ததா? போட்டபோது பரி, ஆகவே லத்திதான் என்பது ஒரு கட்சி. மூலச்சரக்கு நரி, ஆகவே விட்டைதான் என்பது எதிர்க்கட்சி. பட்டிமன்றம் வைத்தால் ஆவணி மூலம் முடிந்தும் தீர்ப்பு வராது. சொற்பொழிவாளர் ஒருவரிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். அந்த மாதமே சந்தாவை நிறுத்திவிட்டார். இன்னும் புதுப்பிக்கவில்லை.

சித்திரையில் அழகர் ஏறி வருவது தங்கக் குதிரை. ஐயனாருக்குப் புரவி எடுப்பில் தூக்கிப் போவது மண் குதிரை. மதுரைக்காரன் கையெடுத்துக் கும்பிடும் குதிரை எதுவும் லத்தி போடாது. அதனால்தான் நிஜக் குதிரை போட்டதும் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. யானைக்கு இந்தச் சட்டம் கிடையாது. கோயில் யானை லத்தி போட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, சூடு ஆறுவதற்குள் மிதிக்க வைப்போம், காலுக்குப் பலமாம்.

அந்தத் தங்கக் குதிரை ஆற்றில் இறங்கிய மறுநாள் வைகையைப் போய்ப் பாருங்கள். (மறுபடியும் வைகையா என்று திருநகர் வாசகர் கடிதம் போடுவார். போடட்டும், வைகை நாறும்வரை நானும் எழுதுவேன்.) தண்ணீர் பாக்கெட், சாப்பாட்டுத் தட்டு, ஒற்றைச் செருப்பு. 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட தூய்மைப் பட்டியலில், 10 லட்சம் பேருக்கு மேல் வாழும் 40 நகரங்களில் மதுரைக்கு 40ஆவது இடம். இந்தச் சாதனையில் குதிரைகளின் பங்கு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்?

அதற்காகக் குதிரைக்காரரை விடச் சொல்லவில்லை. விடியற்காலை விழும்போது லத்தி தனித்தனி உருண்டையாகக் கிடக்கும். உடைத்தால் உள்ளே புல் நார், இரண்டு மூன்று செரிக்காத கொள்ளு. அப்போது ஒரு மண்வெட்டியில் வேலை முடியும். எட்டு மணிக்கு பைக்கும் ஆட்டோவும் ஏறிப் பாயாக விரித்துவிடும். மத்தியானம் தூசியாகி உங்கள் மூக்குக்கு வரும். ஈ மொய்க்கும், டெட்டனஸ் கிருமியும் அதில் இருக்கக்கூடும். 'இறங்கினால் குதிரையை யார் பிடிப்பது?' என்று கேட்பார்கள். நியாயம்தான். வியன்னாவில் சுற்றுலாக் குதிரை வண்டிகளில் லத்தி விழ வாலடியில் பை கட்டுகிறார்கள். இங்கே அதுகூட வேண்டாம். குதிரையைக் கட்டிவிட்டு சாக்கோடு ஸ்கூட்டரில் திரும்பி வந்தால் போதும்.

என் கவலை வேறு. நாளைக்கே சட்டம் வந்தால் குதிரைக்காரர் வரமாட்டார், லாயத்துப் பையனை அனுப்புவார். இன்றைக்கு அதை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் அள்ளுகிறார். ஆள் மாறும், குனிகிற சாதி மாறாது. வைகை உடைத்தபோது வீட்டுக்கு ஒரு பங்கு கரை அடைக்கச் சொன்னார் பாண்டியர். வந்திக் கிழவி பிட்டைக் கூலியாகக் கொடுத்து ஆள் வைத்தாள். அவளுக்கு வயசு, தள்ளாமை. இவருக்குக் குதிரை ஏறத் தெம்பு இருக்கிறது, குனியவும் இருக்கும்.

ஊரைத் தாண்டினால் கதையே வேறு. வயலில் ஒரு ராத்திரி ஆட்டுக்கிடை போட, அந்தப் புழுக்கைக்காக, ஆடு மேய்க்கும் கீதாரிக்குக் காசோ நெல்லோ கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் மல்லிச் செடி இருந்தால் இந்த லத்தியை வாங்கிப் போடலாம். பச்சையாகப் போடாதீர்கள், செடி கருகிவிடும். சில மாதம் மக்க வையுங்கள். இலவசம்தானா என்று குதிரைக்காரரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நீங்கள் சாக்கோடு வருவதைப் பார்த்தால் கிலோவுக்கு விலை சொல்வார்.