ஹெடரை நீக்கியும் கம்பைல் ஆகிறதே?

கேள்வி: பெரிய சி புரோகிராம் ஒன்றில் ஒரு ஹெடரை (அறிவிப்புகள் அடங்கிய ஃபைலை) உள்ளே சேர்க்கும் இன்க்ளூட் வரியை நீக்கினேன். எரர் இல்லாமல் கம்பைல் ஆகிறது. அது தேவையற்றதுதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். அதே ஹெடர் வேறொரு ஹெடர் வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கலாம். நாளை அந்த வழியை யாராவது அடைத்தால் உங்கள் ஃபைல் கம்பைல் ஆகாது. அதையாவது கம்பைலர் சொல்லிவிடும். ஒரு மேக்ரோ (பெயரிட்ட வரையறை) இருந்தால் மட்டும் அடுத்த பகுதியைச் சேர்க்கும் இஃப்டெஃப் விஷயம்தான் உண்மையில் பயப்பட வேண்டியது. அந்த மேக்ரோவை வரையறுத்த ஹெடர் போய்விட்டால், இஃப்டெஃபுக்குள் இருக்கும் நிரல் சத்தமில்லாமல் விடுபடும். எரரும் வராது, வார்னிங்கும் வராது.

அதனால் நீக்குவதற்கு முன்னும் பின்னும், டீபக் தகவல் சேர்க்காமல் கம்பைல் செய்து, கம்பைலர் உருவாக்கும் ஆப்ஜெக்ட் ஃபைல்களை சிஎம்பி கட்டளையால் ஒப்பிடுங்கள். சோதிக்கும்போது இன்க்ளூட் இருந்த இடத்தை வெற்று வரியாக விடுங்கள். இல்லாவிட்டால் நிபந்தனையைச் சோதிக்கும் அசர்ட் பதிக்கும் வரி எண் மாறி, இல்லாத வித்தியாசத்தைக் காட்டும். நீங்கள் ஆதரிக்கும் எல்லா கான்ஃபிகரேஷனிலும் இதைச் செய்ய வேண்டும்.

கம்பைல் நேரம் மிச்சமாவது ஹெடருக்குள் இருக்கும் இன்க்ளூடுகளைக் குறைத்தால்தான். ஸ்ட்ரக்ட்டின் பாயின்டர் மட்டும் போதுமென்றால், பெயரை அறிவிக்கும் ஒரு வரியே போதும். லினக்ஸ் கெர்னலுக்காக 2022 ஜனவரியில் கெர்னல் டெவலப்பர் இன்கோ மோல்னார் வெளியிட்ட ஹெடர் சீரமைப்பில் 2,200க்கும் மேற்பட்ட கமிட்டுகள் (தனித்தனியாகப் பதிவான மாற்றங்கள்) இருந்தன. நீங்களும் ஒரு கமிட்டுக்கு ஒரு ஹெடர் என்றே போங்கள்.